முதலாளியைக் கடித்த கொனூர் கிளி

1. பொறின் கிளி

கல்முனை பசாரில் நான் புடவைக்கடை சேல்ஸ்மேனாக இருந்தேன். எண்பதுகளின் தொடக்கம். கடையில் வெளிநாட்டுச் சாமான் ஏதாவது இல்லாத முதலாளியை யாரும் முதலாளி என்றே மதிக்காத காலம். எங்கள் முதலாளி, கப்பலில் வேலை செய்த தன் மச்சினனைப் பிடித்து ஒரு கிளியை வரவழைத்தார். கொனூர் என்ற இனம். உடம்பெல்லாம் மஞ்சள், கன்னத்தில் செம்மஞ்சள், கறுத்த சொண்டு.

"நாவிதன்வெளி வயல்ல நெல்லுத் தின்னுற கிளி இல்லடாப்பா இது. பொறின்" என்றார் முதலாளி.

அதற்குப் பித்தளையில் ஒரு ஸ்டாண்ட் வந்தது. அப்போது எங்கள் கடையில் முதலாளிக்கு மட்டும்தான் கதிரை. நாங்கள் நால்வரும் திறந்ததிலிருந்து பூட்டும் வரை நிற்க வேண்டும். அண்ணன் முறையில் நாங்கள் காக்கா என்று கூப்பிடும் மூத்த சேல்ஸ்மேன் அலியாருக்குக் கெண்டைக்காலில் நரம்பு புடைத்து முடிச்சு முடிச்சாக நின்றது. உட்கார ஒரு வாங்குப் பலகை கேட்டுப் பார்த்தார்.

"குந்தினா நித்திர வரும் காக்கா. நித்திர வந்தா யாவாரம் பெய்த்திரும்" என்று முடித்துவிட்டார் முதலாளி.

2. ஸலாம் பாடம்

வாடிக்கையாளருக்குக் கிளி ஸலாம் சொல்ல வேண்டும். அதைப் பழக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. சாறிக் கட்டுகளை மடித்துக்கொண்டே நாள் முழுக்க அதற்கு ஸலாம் சொன்னேன். தலையைச் சரித்துக் கவனமாகக் கேட்கும். பிறகு தகரத்தை இழுத்தது போல ஒரு கத்துக் கத்தும். கொனூர் அதிகம் பேசாத இனம் என்பது மச்சினனுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

பேச்சுத்தான் வரவில்லை, பாசம் வந்தது. என் சட்டைக் கொலருக்குள் புகுந்து தூங்கும். பொத்தான்களைக் கடித்துத் துப்பும். நான் குடிக்க வைத்த தண்ணீரில் இறங்கிக் குளிக்கும். கழுத்தைச் சொறிந்துவிட்டால் கண்ணை மூடிக்கொள்ளும். ஆனால் முதலாளி விரலை நீட்டினால் ஒரே கடி. இரத்தம் வரும்.

"சோறு போடுறவன் நான். உனக்கிட்டக் கொஞ்சுது, என்னைக் கடிக்குது. என்ன சொல்லிக் குடுத்தாய்?"

"ஸலாம்தான் முதலாளி சொல்லிக் குடுத்தன்."

ஒருநாள் வங்கி மேனேஜரைக் கூட்டிவந்து கிளியைக் காட்டினார். கிளி அவர் முன்னாலேயே முதலாளியின் காதைக் கடித்தது. மறுநாள் என்னை நிந்தவூர்க் கிளைக்கு மாற்றினார். கிளி நின்றது, நான் போனேன். கடித்தவரை வைத்துக்கொண்டு கடிக்காதவரை மாற்றுவது அரசாங்கக் கந்தோர்களில்தான் நடக்கும் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

3. பேரம்

ஒரு கிழமை போகவில்லை. முதலாளியின் கார் நிந்தவூர்க் கடை வாசலில் வந்து நின்றது. இரண்டு விரலில் பிளாஸ்டர்.

"வா மனே, கல்முனைக்குப் போவம். நீ வந்த நாளையில இருந்து கத்துது. சனம் கடைக்குள்ள வருதில்ல. இறகையும் பிடுங்குது, தின்னுறதுமில்ல. மௌத்தாப் பெய்த்திரும் போல. பாவம், விடிஞ்சதில இருந்து நிண்டபடியே நிக்குது. அதுக்குக் கால் நோகாதா?"

கிளியை நினைத்து எனக்கும் நெஞ்சு கலங்கியது. ஆனால் அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

"அலியார் காக்காவும் விடிஞ்சதில இருந்து நிக்காரு முதலாளி."

"அவர் கிளியாடாப்பா?"

"இல்ல. கிளியெண்டாக் கத்தியிருப்பாரு."

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. வீட்டில் கலியாணத்துக்கு இரண்டு தங்கச்சிமார். என்றாலும் வாய் நிற்கவில்லை. "கடையில எல்லாரும் குந்துறதுக்கு வாங்கு போட்டா வாறன்."

"உனக்கு மட்டும் ஒரு ஸ்டூல் போடுறன்."

"எல்லாருக்கும்."

முதலாளி காரில் ஏறிக் கதவைச் சாத்தினார். எஞ்சின் ஸ்டார்ட் ஆகியது. அவ்வளவுதான், வேலை போனது என்று நின்றேன். கண்ணாடி மெல்ல இறங்கியது.

"ஏறு. போற வழியில தச்சனைப் பாப்பம்."

4. வாங்கு

இரண்டு வாங்கு வந்தன. கிளி என் தோளில் ஏறிச் சோளம் தின்னத் தொடங்கியது. "வேலையாக்கள்ட கால் நோகப்படாது. இதெல்லாம் நாமதான் யோசிக்கணும்" என்று வங்கி மேனேஜரிடம் முதலாளி சொன்னார். நாங்களும் தலையாட்டினோம்.

ஆனால் யாரும் நிம்மதியாக உட்காரவில்லை. அலியார் காக்கா ஓரத்தில் குந்துவார். முதலாளி இருமினால் எழும்பிவிடுவார். கதவில் நிழல் விழுந்தால் எழும்புவார்.

"குந்துங்க காக்கா, இனிப் பயமில்ல" என்றேன்.

"தெரியும்டாப்பா. காலுக்குத்தான் தெரியுதில்ல" என்றார்.

கடைசியில் நானே அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். முதலாளி எங்களைத் தாண்டிப் போனார். காக்கா என் கையை இறுக்கிப் பிடித்தார், எழும்பவில்லை. அன்றைய வியாபாரத்துக்கு ஒரு குறையும் வரவில்லை.

இப்போது வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். உரிமையை யார் தயவிலாவது வாங்கிவிடலாம். எங்களுக்குக் கிளி வாங்கித் தந்தது. அதை அனுபவிக்கும் தைரியத்தை மட்டும் பக்கத்தில் நிற்பவனுக்கு நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.