பெண்கள் பக்கத்து விசில்

எனக்குப் பிடித்த பாட்டுக் கசெற் எது என்று இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. நான் வாய் திறவாத ஆள் என்று ஊருக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் என்றும் தெரியும். போன கிழமை மகளின் தொலைபேசியில் ஒருவர், மேடையில் பாடும்போதே பதிந்த இசைத்தட்டுகளில் உலகத்திலேயே சிறந்தவை இவைதான் என்று வரிசை போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாம் வெளிநாட்டுக்காரர். மகள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. திருகோணமலைத் துறைமுகத்தடியில் பதிந்த எங்களுடைய கசெற்றைப் பற்றி அந்த மனிதருக்கு ஒன்றும் தெரியாது, பாவம்.

கதவைப் பூட்டிக்கொண்டு அறைக்குள் பாடிப் பதிந்த பாட்டு எனக்கு ருசிப்பதில்லை. அதில் ஒருவரும் இருமுவதில்லை. ஒருவரும் கதிரையை இழுப்பதில்லை. மேடைக் கசெற் என்றால் ஊரே உள்ளே இருக்கும். என்னிடம் சல்லி என்ற ஊரின் பக்கத்துக் கோயில் திருவிழாவில் பதிந்த நாதஸ்வரக் கச்சேரி ஒன்று இருக்கிறது. அதில் நல்ல உருக்கமான இடத்தில் ஒரு பிள்ளை ஐஸ்பழம் கேட்டு அழத் தொடங்கும். தவில் வரும்வரை ஓயாது. இப்போது அந்த ராகத்தை எங்கே கேட்டாலும் எனக்கு வாய் குளிர்கிறது. வெருகல் திருவிழாக் கசெற் இன்னும் நல்லது. காவடிப் பாட்டுக்காரர் நடுவில் நிறுத்தி, "ஆத்தங்கரையிலை கட்டின மாடு அவிட்டுக்கொண்டு நிக்குது, சொந்தக்காரர் வாங்கோ" என்று அறிவித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து சுருதி பிசகாமல் தொடருவார். அதற்கு நான் இரண்டாம் இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலாம் இடம் எங்கள் பங்குக் கோயில், அதாவது எங்கள் ஊர்த் தேவாலயத்தின், திருநாள் கசெற்றுக்குத்தான். அதில் என் வீட்டுக்காரர் அக்கோடியன் வாசித்தார். அதனால் மட்டும் சொல்லவில்லை.

அது சண்டைக் காலம். பொழுது சாய்ந்ததும் ஊரடங்கு வந்துவிடும். அதனால் திருநாளின் கடைசி நாள் இசை நிகழ்ச்சியைப் பின்னேர வெயிலிலேயே வைத்தார்கள். சுவாமியார் ஆசியுரையை நீட்டியதில் பாதி நேரம் போய்விட்டது. பாட்டுக்காரருக்கோ ஒரு பாட்டையும் விட மனமில்லை. அதற்காக வேகத்தைக் கூட்டிவிட்டார்கள். கசெற்றின் இரண்டாம் பக்கத்தில், செத்துப்போன தாயை நினைத்து மகன் அழும் பாட்டு ஒன்று இருக்கிறது. அந்த வேகத்துக்குத் துள்ளித் துள்ளிப் பைலா ஆடலாம். கசெற்றின் பிரதி போய்ச் சேர்ந்த கனடாவில் கலியாண வீடுகளில் உண்மையாகவே ஆடுகிறார்களாம்.

நிகழ்ச்சிக்கு முன்னம், றெக்கோடரை எங்கே வைப்பது என்று ஆண்கள் கூடி ஆலோசித்தார்கள். மேடையில் வைத்தால் மேளம் மட்டும்தான் பதியும். ஆண்கள் பக்கம் வைத்தால் கூச்சல்தான் பதியும். பெண்கள் பக்கம் சத்தம் வராது, அங்கே வைப்போம் என்று முடிவு செய்தார்கள். பெண்களுக்குள் யார் மடியில் வைப்பது என்று அடுத்த ஆலோசனை.

"தம்பியின்ர மனிசியிட்டைக் குடுங்கோ," என்றார் அத்தான். அத்தான் என்றால் என் வீட்டுக்காரரின் தமையன். "அவ மூச்சு விடுற சத்தமும் வராது."

எல்லாரும் ஓம் ஓம் என்றார்கள். கலியாணமாகி ஒரு வருசம்கூட ஆகாத நான், அந்தப் பெரிய றெக்கோடரை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தேன். பக்கத்தில் என் மச்சாள், அத்தானுக்கும் என் வீட்டுக்காரருக்கும் தங்கை. ஒரு பக்கம் ஓடி முடிந்தால் கசெற்றைத் திருப்பிப் போடவேண்டும். அதுதான் எனக்குத் தந்த வேலை.

இனி நடந்ததைச் சொல்லமுதல் ஒன்றைச் சொல்லவேண்டும். என் அப்பா கரைவலைக்காரர். பகல் சாப்பாட்டுக்கு அவரைக் கூப்பிடக் கடற்கரைக்குப் போவது சின்ன வயதில் என் பொறுப்பு. அத்தனை ஆண்களுக்கு முன்னால் "அப்பா" என்று கத்த எனக்குக் கூச்சம். அதனால் கவிழ்த்து வைத்த தோணிக்குப் பின்னால் ஒளிந்திருந்து, இரண்டு விரலை வாய்க்குள் வைத்து விசில் அடிப்பேன். கத்தினால் யார் கத்துகிறார்கள் என்று எல்லாரும் பார்ப்பார்கள். விசிலுக்கு முகம் இல்லை. நாள் போக, என் விசிலுக்கு நடுக்கடலில் நிற்கும் வள்ளங்களும் திரும்பிப் பார்க்கத் தொடங்கின.

சரி, மேடைக்கு வருகிறேன். ஒரு பாட்டின் நடுவில் எல்லாரும் நிறுத்த, என் வீட்டுக்காரர் அக்கோடியனைத் தனியே வாசிக்கவேண்டும். அவர் தொடங்கவும் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. இவர் பதறவில்லை. கப்பல் ஊதிய அதே சுருதியைப் பிடித்து, அதிலிருந்து சறுக்கிக்கொண்டு இறங்கினார் பாருங்கள், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. முகத்து வியர்வையைத் துடைப்பதுபோல முந்தானையை வாய்வரை இழுத்து மூடினேன். உள்ளே இரண்டு விரலையும் வைத்தேன். மடியில் றெக்கோடர் இருப்பது அந்த நேரம் ஞாபகம் வரவில்லை.

சனம் முழுவதும் ஆண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தது. பெண்கள்கூட அங்கேதான் பார்த்தார்கள். மேடையில் மட்டும் அவர் என்னைப் பார்த்து, வாசிப்பை ஒரு கணம் விட்டு, மைக்குக்குள்ளேயே "ஹ" என்று சிரித்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டார்: "அவ்வளவு சனத்துக்கை உனக்கு வெக்கமில்லையே?"

"வெக்கம்தான். அதுதானே மூடிக்கொண்டு அடிச்சனான்," என்றேன்.

அடுத்த நாள் அத்தான் அந்த விசில் தன்னுடையது என்று சொல்லித் திரிந்தார். தம்பிக்காகத் தமையன் அடித்தாராம். என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தையும் மறுத்துப் பேசவில்லை. நன்றி சொல்லி ஒரு போத்தல் சாராயம் வாங்கிக் கொடுத்தார். தொட்டுக்கொள்ள நான் சூடைமீன் பொரித்துக் கொடுத்தேன். நாக்கை எப்படி மடித்து, காற்றை எப்படி விட்டார் என்று அத்தான் எனக்கு விளங்கப்படுத்தினார். நானும் மச்சாளும் குசினிக்குள் போய்ச் சிரித்தோம். அதற்குப் பிறகு எந்த நல்லது கெட்டது வந்தாலும், பிறந்தநாள் வந்தாலும், அத்தான் அந்த விசிலைப் பற்றிக் கதைக்காமல் எழும்புவதில்லை.

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். கசெற் என் அலுமாரிக்குள் இருந்தது.

இந்த வருசம் கோயிலின் ஆண்டு விழாவுக்கு அந்த நிகழ்ச்சியை சீடி இறுவட்டாக வெளியிடுவது என்று முடிவாயிற்று. கோயிலில் ஓகன் வாசிப்பவர்தான் அந்த வேலைக்குப் பொறுப்பு. இரண்டு பிள்ளைகளின் தகப்பன், மரியாதையான ஆள். பிரதிக்குப் பிரதி எடுத்ததெல்லாம் பழுதாகிவிட்டதால், முதல் கசெற்றைத் தேடி என்னிடம் வந்தார். மகள் வேலைக்குப் போயிருந்தாள். அவர் விறாந்தையில் கணினியை வைத்து, காதில் மூடியை மாட்டிக்கொண்டு கேட்டார். திடீரென்று மூடியைக் கழற்றி எறிந்தார்.

"ஐயோ அன்ரி, இந்த விசில் காதைக் கிழிக்குது. இதை வெட்டித்தான் எடுக்கவேணும்."

நான் மேசையில் கிடந்த கசெற் பெட்டியை எடுத்துப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கோடியன் தொடந்து வரும், பயப்பிடாதேங்கோ. அதுக்குப் பிறகு ஒரு சிரிப்பு வருது, அது மட்டும் விசிலோடை ஒட்டிக்கொண்டு கிடக்கு. அதுவும் சேந்து போகும். பரவாயில்லைத்தானே?"

எனக்கு அது பரவாயில்லை என்று விடுகிற விசயம் அல்ல. அவருடைய படங்கள் சுவர் நிறைய இருக்கின்றன. அவருடைய சிரிப்பு அந்த ஒரு "ஹ"தான், வேறு எங்கும் இல்லை. அதுவும் எனக்காகச் சிரித்தது. விடுங்கோ, வெட்டாதேங்கோ என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"தேத்தண்ணி போடட்டோ?" என்றுதான் வந்தது.

குசினிக்குள் போய்க் கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டு மச்சாளுக்குப் போன் எடுத்தேன்.

"மச்சாள், உங்கட அண்ணன்ர விசிலை வெட்டப்போகினமாம்."

மச்சாள் சிரிக்கத் தொடங்கினா. "நீ வாயைத் திறக்கமாட்டாய், அண்ணனைக் கிளப்பிவிடப் பாக்கிறாய், என்ன?"

"அவருக்கும் தெரியத்தானே வேணும்."

"பொறு கள்ளி, கூட்டிக்கொண்டு வாறன்."

ஓகன்காரர் தேத்தண்ணி குடித்து முடிக்கவில்லை, வாசலில் ஓட்டோ நின்றது. அத்தான் ஊன்றுகோலை முன்னால் நீட்டிக்கொண்டு இறங்கினார். பின்னால் மச்சாள், வாயைச் சேலையால் பொத்தியபடி.

"ஆரைக் கேட்டு என்ர விசிலை வெட்டுறீர்?" என்றார் அத்தான்.

"ஐயா, அது இரைச்சல்."

"இரைச்சலோ? லண்டனிலை இருந்து அந்த விசிலுக்காக எனக்குப் போன் எடுத்தவங்கள். அது இல்லாட்டி உம்மட இறுவட்டை ஒருதரும் வாங்கமாட்டினம்."

ஓகன்காரர் பொறுமையான மனிதர். "ஐயா அண்டைக்கு எங்கை நிண்டனீங்கள்?" என்று கேட்டார்.

"ஆம்பிளையள் பக்கம். வேப்பமரத்தடியிலை."

"றெக்கோடர்?"

"இவவின்ர மடியிலை. நான்தானே குடுக்கச் சொன்னனான்," என்றார் அத்தான் பெருமையாக.

"அப்ப இதைக் கேளுங்கோ." ஓகன்காரர் சத்தத்தைக் கூட்டிப் போட்டார். கப்பல் ஊதியது. அக்கோடியன் இறங்கியது. விசிலுக்குச் சற்று முன்னால் யாரோ மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் வந்தது. அதற்கும் முன்னால் கண்ணாடிக் காப்புகள் கிலுங்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. இத்தனை வருசம் அந்தக் கசெற்றைப் போட்டுக் கேட்ட எனக்கே அது தெரியாது. அவருடைய கணினி எல்லாவற்றையும் தோண்டி எடுத்துவிடுகிறது.

"விசில் அடிச்ச ஆள் றெக்கோடருக்குக் கிட்ட, கைக்கெட்டிற தூரத்திலை இருந்திருக்கிறார்," என்றார் ஓகன்காரர். "காப்பும் போட்டிருக்கிறார்."

"என்ன அண்ணை, அந்தக் காலம் காப்பும் போட்டனீங்களோ?" என்று கேட்டா மச்சாள்.

"கைமணிக்கூடு. அது மணிக்கூட்டுச் சங்கிலி," என்றார் அத்தான். அவருடைய முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் ஓகன்காரரின் விரல் வெட்டுகிற இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. யார் அடித்தது என்று தெரியாத இரைச்சலை வைத்து என்ன செய்வது என்றார். அத்தான் தோற்றால் என் வீட்டுக்காரரின் சிரிப்பும் போய்விடும். யாராவது ஏதாவது சொல்லியாகவேண்டும். மச்சாள் என்னைப் பார்த்து, சொல்லன் என்று கண்ணைக் காட்டினா.

"அத்தான்தான் அடிச்சவர்," என்றேன். "அந்த நேரம் பொம்பிளையள் பக்கம் வந்து நிண்டவர். எனக்குப் பின்னாலை."

நான் சேர்ந்தாற்போல் அவ்வளவு கதைத்து ஓகன்காரர் கேட்டதில்லை. அத்தான் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குப் படிப்புப் போதாது. ஓம் என்றால், கோயில் திருநாளில் பெண்கள் பக்கம் போய் நின்றவர் என்று ஆகிவிடும். இல்லை என்றால் விசில் கையை விட்டுப் போய்விடும்.

"பொம்பிளையள் பக்கம் உங்களுக்கு என்ன அலுவல் அண்ணை?" என்றா மச்சாள், ஒன்றும் தெரியாதவபோல.

அத்தான் ஊன்றுகோலை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார். "தண்ணி குடிக்க வந்தனான்," என்றார் கடைசியில். "காப்புச் சத்தம் இவவின்ர. நான் அடிச்சதிலை பயந்துபோய்க் கையை உதறினவ."

"ஓம், பயந்துபோனன்," என்றேன்.

காப்பு விசிலுக்கு முன்னமே கிலுங்கியதைக் கேட்ட ஓகன்காரர் எங்கள் மூன்று பேரையும் மாறிமாறிப் பார்த்தார். என் கை விரல்களைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்ததுபோல இருந்தது. "சாட்சி இருக்கிறபடியால் வெட்டாமல் விடுறன்," என்றார். "சிரிப்பையும் விடுறன் அன்ரி."

போன ஞாயிற்றுக்கிழமை, ஆண்டு விழா அன்று, பூசை முடிந்து மண்டபத்தில் இறுவட்டைப் போட்டார்கள். தாய்க்கு அழும் பாட்டுக்குச் சின்னப் பிள்ளைகள் ஆடினார்கள். கப்பல், அக்கோடியன், விசில், சிரிப்பு எல்லாம் ஒழுங்காக வந்தன. சனம் கைதட்டியது. நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். அறிவிப்பாளர், அந்த விசிலின் சொந்தக்காரர் இவர்தான், அன்றைக்குப் பெண்கள் பக்கம் நின்று அடித்தவர் என்று அத்தானை எழுப்பிக் காட்டினார். அத்தான் எழும்பிக் கையைக் காட்டினார். பக்கத்தில் இருந்த அவருடைய மனைவி எழும்பவில்லை. நான் அக்கா என்று கூப்பிடும் அவ, அந்தத் திருநாள் அன்று பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தன் வீட்டிலேயே நின்றவ. அத்தான் பெண்கள் பக்கம் நின்ற கதை அவவுக்கு இப்போதுதான் தெரியவந்திருக்கிறது.

நேற்றுக் காலமை அத்தான் போன் எடுத்தார். குரல் நன்றாக இறங்கிப்போயிருந்தது.

"பிள்ளை, உன்ர அக்கா ஞாயிற்றுக்கிழமை தொடக்கம் என்னோடை கதைக்கிறா இல்லை. அண்டைக்கு ஆருக்குப் பின்னாலை நிண்டனீர், ஆரைப் பாக்கப் போனனீர் எண்டு எழுதிக் கேக்கிறா. இந்த வயசிலை சோத்தை மேசையிலை வச்சிட்டுப் போறா."

"ஐயோ அத்தான்."

"ஆர் அடிச்சது எண்டு உனக்குத் தெரியும்தானே. எனக்கும் இப்ப விளங்குது. அவவிட்டை நீ ஒருக்கா வந்து உண்மையைச் சொல்லிவிடன்."

"எனக்கு வெக்கம் அத்தான்," என்றேன்.