சனிக்கிழமை மாத்திரை

எனக்கு முடக்குவாதம் என்று மூட்டு மருத்துவர் சொன்னது ஐப்பசியில், ஒரு வியாழக்கிழமை. அன்றைய நாட்குறிப்பில் என் எழுத்து கோணிக் கிடக்கிறது. பேனா பிடிக்கும் விரல்களைத்தான் நோய் முதலில் பிடித்தது. கோவில்பத்திலிருந்து அலுவலகம் போகும் வழியில் ஸ்கூட்டி பிரேக்கை அழுத்தவே வலித்தது. ஆனால் நான் பயந்தது, எழுத முடியாமல் போய்விடுமோ என்றுதான்.

வாரத்துக்கு ஒரே நாள் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை. "தினமும் போட்டுடாதீங்க, ஆபத்து. பலன் தெரிய ரெண்டு மூணு மாசம் ஆகும். நடுவுல ரத்தப் பரிசோதனை உண்டு" என்றார் மருத்துவர். குமட்டினாலும் ஞாயிறு படுத்துக் கிடக்கலாம் என்று சனிக்கிழமையைத் தேர்ந்துகொண்டேன்.

நெரவியிலிருந்து அக்கா வந்தாள். "சனிக்கிழமையில போயி மருந்து ஆரம்பிப்பாளாடி ஒருத்தி? அதுவும் வாரத்துக்கு ஒரு நாள். குடுக்குற டாக்டருக்கே அதுமேல நம்பிக்கை இல்ல போலருக்கு."

அவள் யாரிடமோ வாங்கி வந்த பொடியைச் சாப்பிட்டேன். மாத்திரையை விட்டேன். மூன்றாம் நாளே விரல்கள் வலியில்லாமல் மடங்கின. நாலாவது வாரம் முகம் உப்பிப்போயிற்று. காலையில் விரல்களின் விறைப்பு விட எத்தனை நிமிடம் ஆனது என்று தினமும் குறித்திருந்த நோட்டை மருத்துவரிடம் நீட்டினேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"எல்லாம் எழுதியிருக்கீங்க. பொடியில என்ன இருக்குன்னு மட்டும் காணோமே."

அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்றார். "நானும் அதைக் குடுப்பேன், அளவா, கொஞ்ச நாளைக்கு. இதுல அளவே தெரியாது. திடுதிப்னு நிறுத்துறதும் தப்பு." அவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைத்து, சனிக்கிழமைக்குத் திரும்பினேன்.

மூன்று மாதம் கழித்து வீக்கம் பாதிதான் வடிந்திருந்தது. மருத்துவர் இன்னொரு மாத்திரை சேர்த்தார். அந்த வாரச் சனிக்கிழமையே அக்கா புதுப் பொட்டலத்தோடு வந்து நின்றாள்.

"பாதிதானேடி கேட்டிருக்கு?"

"பாதி கேட்டிருக்குல்ல. இப்ப இன்னொண்ணு சேத்திருக்காரு."

"அதுக்கும் கேக்கலன்னா?"

"ஊசி இருக்கு."

"ஊசிக்கும் கேக்கலன்னா?"

"வேற ஊசி இருக்கு. நீ பொட்டலத்தை எடுத்துக்கிட்டுப் போக்கா."

"திமிருடி ஒனக்கு" என்றாள். ஆமாம் என்றேன். அவள் எதிரிலேயே மாத்திரைகளை விழுங்கிவிட்டு, அன்றைய தேதியை எழுத உட்கார்ந்தேன். வலித்தது. முழுப் பக்கமும் எழுதினேன்.