போக்-ஹீயின் எதிர்ச்சொற்கள்

பட்டாளத்துச் சட்டையின் மார்பில் பெயர்ப்பட்டையை வைத்து ஊசியை இறக்கிக்கொண்டே, "அதுக்கு எதிர் என்ன?" என்று கேட்கிறாள் குக் போக்-ஹீ. முன்னால் நிற்கிற அமெரிக்கச் சிப்பாய் பேச்சுவாக்கில் ஏதோ கொச்சையாகச் சொல்லிவிட்டான். அதன் எதிர்ச்சொல்லையும் சொன்னால்தான் சட்டை அவன் கைக்கு வரும்.

தென்கொரியாவில் பியோங்தேக் அமெரிக்கப் படைமுகாம் வாசலில் இருபத்தாறு வருடமாகத் தையல்கடை வைத்திருக்கிறாள். பாடப்புத்தகத்தில் வராத ஆங்கிலமெல்லாம் அவளிடம் ஜோடி ஜோடியாக இருக்கிறது. கையில் காசில்லாதவன் 'புரோக்', பணத்தில் புரள்கிறவன் 'லோடட்'. எதற்கும் அலட்டிக்கொள்ளாதவன் 'சில்', தொட்டதற்கெல்லாம் விறைத்துக்கொள்கிறவன் 'அப்டைட்'. "உள்பக்கம் திருப்பிப் பாக்காம தையலைப் பத்தி என்னத்தைச் சொல்றது? பேச்சும் அப்படித்தான்" என்பாள்.

அவள் கடைக்கு மேல்மாடியில் மேங் என்பவர் ஆங்கில வகுப்பு நடத்துகிறார். நான் அங்கே பிள்ளைகளுக்குத் தொக்பொக்கி, அதாவது காரமான அரிசிக் கொழுக்கட்டை, கிண்டிக் கொடுக்கிறவள். சனிக்கிழமை வகுப்பு போக்-ஹீயுடையது. சிப்பாய்கள் அதிகம் வருகிற நாளும் அதுதான். கடையைப் பூட்டிவிட்டுத்தான் மாடியேறுகிறாள். முகாமுக்குள் வேலைக்குப் போகப்போகிற பிள்ளைகள் அவளை விழுங்குகிறாற்போல் கேட்கும்.

வாத்தியார்களுக்குப் பட்டம் இருக்கவேண்டும், அதை வாசலில் மாட்டவேண்டும் என்பது சட்டம். மீன் வளர்ப்பு படித்த கனடாக்காரப் பையனின் பட்டம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. அவன் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் தூங்கும். பட்டம் இல்லாத போக்-ஹீயின் பெயர் எங்கேயும் இல்லை. ஆனால் பெற்றோரிடம் அவள் பெயரைச் சொல்லித்தான் மேங் ஆள் சேர்க்கிறார். கல்வி அலுவலகத்திலிருந்து சோதனைக்கு வந்தால் மட்டும் ஓடிவந்து அவள் கையில் தரை துடைக்கிற மாப்பைத் திணிப்பார். "அக்கா, கேட்டா கூட்டித் துடைக்கிறவள்னு சொல்லிடுங்க." இப்படி மூன்று தடவை நடந்தாயிற்று.

யாரையும் சபிக்கக்கூடாது என்று ஜெபித்துவிட்டுத்தான் தினமும் அடுப்பைப் பற்றவைக்கிறேன். இருந்தும் வயிறு எரிகிறது. அவளிடமே ஒருநாள் கேட்டேன், எப்படிப் பொறுத்துக்கொள்கிறாய் என்று. "வாயைத் திறந்தா வகுப்பு போயிடும்டி. மாப் பிடிச்சா கை தேஞ்சா போயிடும்?" என்றாள். ஆனால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

போன சனிக்கிழமை வகுப்பு பாதியில் அதிகாரி வந்துவிட்டார். 'சில்' என்பதற்கு எதிர்ச்சொல் சொல்ல யே-ரின் என்ற பெண் எழுந்து நின்றிருந்தாள். மேங் மாப்பைக் கொண்டுவந்து போக்-ஹீயின் கையில் செருகினார். இவங்க யார் என்று அதிகாரி கேட்டார்.

"துடைக்கிறவங்க சார். பிள்ளைங்ககிட்ட சும்மா ஏதோ பேசிக்கிட்டிருக்காங்க" என்றார் மேங்.

யே-ரின் டீச்சரைப் பார்த்தாள், மாப்பைப் பார்த்தாள். பதில் சொல்லாமலே உட்கார்ந்துவிட்டாள்.

போக்-ஹீ மாப்பைச் சுவரில் சாய்த்து வைத்தாள். வெள்ளைப்பலகையில் பாடம் எழுதி எழுதி, உள்ளங்கையால் அழித்து அழித்து நீல மை ஏறிப்போயிருந்த வலதுகையை அதிகாரியின் முகத்துக்கு நேரே நீட்டி, ஐந்து விரலையும் விரித்தாள்.