பக்கம் திருப்பியவள்

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் படித்துவிட்டுச் சிரித்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு சொல்கூட இட்டுக்கட்டியது இல்லை, நேரத்தைக்கூட நான் மாற்றவில்லை. பொய் சொல்வதாக இருந்தால் என்னைக் கொஞ்சம் நல்லவளாகக் காட்டிக்கொண்டு சொல்லியிருப்பேன்.

எங்கள் ஊரில் ‘மண்டபம்’ என்றால் போதும், எந்த மண்டபம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். நூறு வயதான கட்டடம். போர்க் காலத்தில் காயம்பட்டவர்களை அங்கேதான் படுக்க வைத்தார்களாம். வெள்ளம் வந்தபோது பாதி ஊர் அதன் மாடியில் தங்கியது. பள்ளிப் பிள்ளைகளின் பரிசளிப்பு முதல் பெரிய கச்சேரி வரை எல்லாமே அங்கேதான். நீங்கள் இருபது வருடம் பியானோ வாசித்திருக்கலாம். ஆனாலும் “மண்டபத்துல வாசிச்சிருக்கீங்களா?” என்று ஒரு கேள்வி வரும். இல்லை என்றால் பேச்சை மாற்றிவிடுவார்கள். என்னிடம் நிறையப் பேர் பேச்சை மாற்றியிருக்கிறார்கள்.

என் தங்கை என்னைவிட எட்டு வயது சின்னவள். குட்டி என்றுதான் கூப்பிடுவேன். அவள் விரலைப் பிடித்து பியானோவில் வைத்தவளே நான்தான். மண்டபத்தின் நூறாவது ஆண்டுக்காகப் புதிதாக ஒரு இசையை எழுதி வாங்கினார்கள். அதை வாசிக்க ஒரே ஒருவர்தான் தேவை. பதினோரு பேர் விண்ணப்பித்தோம். கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினோம், நானும் அவளும்.

அவளைத் தேர்ந்தெடுத்தார்கள்.

கட்டிப்பிடித்தேன். தாடை வலிக்கிற வரை சிரித்தேன். வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எனக்கு நாசூக்காகச் சொல்லத் தெரியாது. வயிறு எரிந்தது. நான் கற்றுக்கொடுத்த விரல்கள், நான் திருத்திய தப்புகள், பேர் மட்டும் அவளுக்கு.

அத்தோடு விட்டாளா? மறுவாரம் வீட்டுக்கே வந்து நின்றாள்.

“அக்கா, நோட்ஸ் ஐம்பத்தெட்டு பக்கம். இன்னும் மூணு வாரம்தான் இருக்கு. மனப்பாடம் பண்ண முடியாது. நீதான் பக்கம் திருப்பணும்.”

“ஊர்ல வேற ஆளே இல்லையா?”

“என் மூச்சு உனக்குத்தானே தெரியும்...”

பக்கம் திருப்புவது என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வாசிப்பவருக்கு இடப்பக்கம், கொஞ்சம் பின்னால் தள்ளி ஒரு நாற்காலி போட்டிருக்கும். கறுப்பு உடை, வளையல் கூடாது. பக்கத்தின் கடைசி வரி வரும்போது எழ வேண்டும். இடது கையால் தாளின் மேல் மூலையைப் பிடித்து, அவர் தலை அசைந்ததும் திருப்பிவிட்டு உட்கார வேண்டும். கைதட்டும்போது எழுந்து வணங்கக் கூடாது. மேடையில் இருந்தும் இல்லாதவள் மாதிரி இருக்க வேண்டும். மண்டபத்து மேடையில் ஏற வேண்டும் என்று முப்பது வருடம் கனவு கண்டவளுக்குக் கிடைத்த இடம் அது.

புதன்கிழமை ஒத்திகை. பிற்பகல் 3.05 மணிக்கு மேடைப் பொறுப்பாளர் எங்களைச் சந்தித்தார். நெட்டையான மனிதர், காதில் பென்சில்.

“இங்க ஒரே ஒரு விதி. பக்கம் திருப்புறவங்க, வாசிக்கிறவங்களுக்குச் சொந்தமா இருக்கக் கூடாது.”

“ஏன் சார்?” என்றேன்.

“அது அப்படித்தான். நான் வர்றதுக்கு முன்னாடியே இருக்கற விதி. இவங்க யாரு உங்களுக்கு?”

குட்டி கண்ணைக்கூட இமைக்கவில்லை. “என் ஸ்டூடண்ட் சார்.”

எனக்கு நாற்பத்தொன்று. அவர் என் நரையைப் பார்த்தார். “நல்லது. இந்த வயசுலயும் ஆர்வம் இருக்கே,” என்றார்.

பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன்.

மேடைக்குப் போனோம். ஆயிரத்து இருநூறு காலி இருக்கைகள். பியானோவுக்குப் பக்கத்தில் எனக்கான நாற்காலி இருந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு நாற்காலியும் இருந்தது. பழைய மரம், மெலிந்த கால்கள். இடைஞ்சலாக இருந்ததால் நானே தூக்கித் திரைக்குப் பின்னால் வைத்தேன்.

3.40. டீ குடித்துவிட்டு வந்தோம். நாற்காலி பழைய இடத்திலேயே இருந்தது.

“நான் ஒண்ணுதாங்க போட்டேன்,” என்றார் மேடை வேலை பார்ப்பவர். அதைத் தூக்கிக்கொண்டு போனார்.

வாசிக்க ஆரம்பித்தாள். நான் எழுந்தேன், திருப்பினேன், உட்கார்ந்தேன். நடுவில் அவள் கண் என் தோளுக்கு மேலாகப் பின்னால் போய்வந்தது. ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை. யாரிடமோ ஆமாம் என்பது போல் தலையாட்டவும் செய்தாள். திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. பொறுப்பாளரிடம் சைகை காட்டுகிறாள் போலிருக்கிறது, இவளுக்கு எல்லோரும் சிநேகம்தானே என்று மனதுக்குள் பொருமினேன்.

4.25. கழிவறைக்குப் போய்விட்டு வந்தேன். குட்டி தனியாகப் பேசிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டாள்.

“யார்கிட்ட பேசிட்டு இருந்தே?”

“சும்மா... எண்ணிட்டு இருந்தேன்.”

அவள் முகம் வெளுத்திருந்தது. கிளம்பும்போது நோட்ஸ் புத்தகத்தை நான்தான் மூடினேன். பதினாறாம் பக்கத் தாளும் அடுத்த தாளும் மூலையில் சேர்த்து மடிந்திருந்தன. நான் மடிக்கவில்லை. சத்தியமாக நான் மடிக்கவில்லை. ஆனால் அந்த மடிப்பைப் பார்த்ததும்தான் எனக்கு அந்த யோசனை வந்தது.

இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்பினால்?

எந்த வாத்தியக்காரரைக் கேட்டாலும் சொல்வார். தாள் ஒட்டிக்கொள்வது உண்டு, யாரும் குறை சொல்ல முடியாது. வாசிப்பவள் திகைத்து நிற்பாள். ஆயிரத்து இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மடிப்பை நான் நீவிவிடவில்லை.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் தூக்கமில்லை. செய்வேன், செய்ய மாட்டேன் என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை. மாலை 6.30. மண்டபம் நிரம்பி வழிந்தது. குட்டி மேடையேறியதும் கைதட்டல் இடிபோல் எழுந்தது. நான் அவள் பின்னால், தலையைக் குனிந்தபடி, அவளுடைய ‘ஸ்டூடண்ட்’டாக நடந்தேன்.

என் நாற்காலிக்குப் பின்னால் அந்தப் பழைய நாற்காலி இருந்தது.

இனி என்ன செய்வது? உட்கார்ந்தேன்.

6.41. முதுகுப் பக்கம் குளிர்ந்தது. மேடை விளக்குகளின் சூட்டில் குட்டியின் நெற்றி வியர்த்துக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் குளிர்ந்தது.

6.44. க்ரீச்...

பின்னால் நாற்காலியில் யாரோ உட்காருகிற சத்தம்.

திரும்ப முடியாது. பக்கம் திருப்புகிறவள் தலையைத் திருப்பக் கூடாது.

6.47. பதினைந்தாம் பக்கம். கடைசி வரி நெருங்கியது. அவள் அற்புதமாக வாசித்துக்கொண்டிருந்தாள். அதுதான் என்னைக் கொன்றது. தப்பாக வாசித்திருந்தால் மன்னித்திருப்பேன்.

எழுந்தேன்.

பின்னால்... யாரோ எழுந்தார்கள்.

கையை நீட்டினேன். மடிந்த மூலையைப் பிடித்தேன். இரண்டு தாள். விரலில் தெரிந்தது.

என் விரல்களின் மேல் வேறு விரல்கள் வந்து அழுந்தின.

ஜில்லென்று...

மெலிந்த விரல்கள். வயதான விரல்கள்.

குட்டியின் தலை அசைந்தது.

சரக்...

இரண்டு தாளும் திரும்பிவிட்டன.

பதினெட்டாம் பக்கம் விரிந்து கிடந்தது. அவள் நிற்கப்போகிறாள். இதோ... இதோ...

நிற்கவில்லை.

பதினாறாம் பக்கத்தை வாசித்தாள். இல்லாத பக்கத்தை. அதன் பிறகு பதினேழையும். ஒரு சுரம் பிசகவில்லை. புத்தகத்தை அவள் பார்க்கவே இல்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டே வாசித்தாள். பதினெட்டு வந்ததும் கண்ணை இறக்கிப் புத்தகத்தோடு சேர்ந்துகொண்டாள். மண்டபத்தில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

மீதிப் பக்கங்களை நான் எப்படித் திருப்பினேன் என்று கேட்காதீர்கள். 7.38க்கு முடிந்தது. மண்டபமே எழுந்து நின்றது.

8.05. மேடைக்குப் பின்னால், கிரீன் ரூமில் நாங்கள் இருவர் மட்டும். பூங்கொத்துகளை ஒதுக்கிவிட்டு அவள் மெல்லச் சொன்னாள்.

“பதினாறையும் பதினேழையும் மூணு நாள் ராப்பகலா மனப்பாடம் பண்ணேன், அக்கா.”

“ஏன்?”

“அந்த அம்மா சொன்னாங்க. ஒத்திகை அன்னிக்கு. உன் பின்னாடி உட்கார்ந்திருந்தாங்களே... சாம்பல் கலர் உடுப்பு, தலையை இழுத்துக் கட்டிக்கிட்டு.”

“என்ன சொன்னாங்க?”

“‘உங்க அக்கா இந்த இடத்துல ரெண்டு தாளைச் சேர்த்துத் திருப்புவா. நீ நிக்காதே. என்னைப் பார்த்து வாசி’ன்னாங்க.”

“தெரிஞ்சுமா என்னை உட்கார வெச்ச?”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

“நீ செய்ய மாட்டேன்னு நினைச்சேன்க்கா.”

அவள் காரை ஓட்டினாள், நான் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தேன். வாசலில் என்னை இறக்கிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் காலை 10.20க்கு மண்டபத்துக்குப் போனேன். அந்த அம்மாள் யாரென்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. பொறுப்பாளரிடம் உண்மையை ஒப்புக்கொண்டு, அந்த அம்மாளைப் பற்றிக் கேட்டேன். அவர் திட்டவில்லை. காதிலிருந்த பென்சிலை எடுத்து மேசையில் வைத்தார்.

“நீங்க அக்காவா?”

“ஆமா.”

“அவங்களும் அக்காதான். அறுபத்து மூணு வருஷத்துக்கு முன்னாடி. தங்கச்சி வாசிச்சாங்க, இவங்க பக்கம் திருப்பினாங்க. ரெண்டு தாளாத் திருப்பிட்டாங்களாம். தங்கச்சி பாதியில எழுந்து ஓடினவங்க, அப்புறம் பியானோவைத் தொடவே இல்லை. மறுநாள் காலையில மண்டபத்தைத் திறந்தப்போ அக்கா அதே நாற்காலியில உட்கார்ந்தபடியே செத்திருந்தாங்க. விரல் ரெண்டும் அந்தத் தாள்களைப் பிடிச்சிட்டே இருந்துச்சாம். எடுக்கவே முடியலையாம். அப்படியே கிழிச்சு, கையோடதான் புதைச்சாங்க. அன்னிக்குத்தான் இந்த விதி வந்துச்சு.”

அந்த விரல்கள் என் கையைத் தள்ளினவா, தடுத்தனவா? இன்றுவரை எனக்குத் தெரியாது. தள்ளின என்று சொல்லிக்கொள்ளத்தான் ஆசை.

இரண்டு மாதம் குட்டி பேசவில்லை. போன செவ்வாய்க்கிழமை மாலை 5.15க்கு போன் வந்தது.

“அக்கா, அடுத்த மாசம் வேற ஊர்ல கச்சேரி. நீதான் பக்கம் திருப்பணும்.”

மன்னித்துவிட்டாள் என்றே நினைத்தேன். “என்னையா கூப்பிடற? அவ்வளவு நடந்த பிறகுமா?”

“நீ வந்தாத்தானே அவங்களும் வருவாங்க.”

“யாரு? அவங்க அந்த மண்டபத்துல...”

“இல்லக்கா. அன்னிக்கு நம்மகூடவே கார்ல ஏறினாங்க. உன் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தாங்க. நீ வீட்டைத் திறந்து உள்ளே போனே. அவங்களும் உன் பின்னாடியே வந்தாங்க. நான் பார்த்தேனே.”

போனை வைத்துவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். எல்லா விளக்கையும் போட்டேன். ஒன்றும் கண்ணில் படவில்லை. அன்றிலிருந்து உறங்கவில்லை. பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். இரண்டு மாதமாக அந்த அம்மாள் என் வீட்டில் இருக்கிறாள், என் சோற்றுக்கு எதிரே இருக்கிறாள், என் பியானோவுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். ஆனால் ஒரு தடவைகூட எனக்கு முகம் காட்டவில்லை. அதுவும் குட்டிக்கு மட்டும்தான்.