பதக்கம் வாங்கிய ஐரிஸின் தாய்

"காற்றடித்த ஒரு காலையில் என் கையால் செய்த கலப்பு இது" என்று என் முதலாளி, பத்ரோன், மேடையில் சொன்னபோது, அந்தப் பூவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவன் நான். கலப்பைச் செய்தவனும் நான்தான். புதிய ஐரிஸ் வகைகளுக்காகப் பாரிஸ் பூங்கா ஒன்றில் நடந்த போட்டி. எங்கள் தோட்டத்துப் பூவுக்கு முதல் பதக்கம். படம் எடுப்பவர் வந்ததும் முதலாளி பூச்சாடியை வாங்கிக்கொண்டு என்னை விலகி நிற்கச் சொன்னார். இவர் யார் என்று ஒரு பெண்மணி கேட்டார். "தண்ணீர் ஊற்றுபவர்" என்றார் முதலாளி.

நான் தண்ணீர் ஊற்றப் படிக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். பாரிஸின் ஸ்டாலின்கிராட் பகுதியில் உணவகமொன்றில் கோப்பை கழுவும் அப்பா, என் தோட்டக்கலைச் சான்றிதழைச் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்.

கலப்பு செய்வது பெரிய மந்திரமில்லை. ஒரு பூவின் மகரந்தத்தைச் சாமணத்தால் எடுத்து இன்னொரு பூவின் சூல்முடியில் தடவ வேண்டும். காம்பில் அட்டை கட்டி இரண்டு வகைகளின் பெயரையும் எழுத வேண்டும். காய் பிடிக்கும் பூ தாய்; அதன் பெயர்தான் முதலில் வரும். முதல் வருடம் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. எங்கள் பெயர்களில் தகப்பன்தானே முன்னால் வருவார். நானும் அப்படியே தகப்பனை முன்னால் எழுதினேன். அடுத்த வருடம் திருத்திக்கொண்டேன். பழைய அட்டைகளை மறந்துபோனேன்.

பதக்கம் வாங்கியது அந்த முதல் வருடத்துக் கலப்பு. விதை முளைத்துப் பூத்து, போட்டிக்காக நடுவர்களின் பாத்தியிலும் வளர்ந்து முடிய ஆறேழு வருடம் ஆகியிருந்தது. மேடைக்கு அருகில் இருந்த பலகையில் தாய், தகப்பன் பெயர்களை வாசித்தேன். பத்ரோன் என் அட்டையை அப்படியே பார்த்து எழுதியிருந்தார். இரண்டும் இடம் மாறியிருந்தன: தாயான நீல வகை தகப்பனாகவும், தகப்பனான செம்பழுப்பு வகை தாயாகவும்.

சொல்லத்தான் போனேன். "பிறகு, பிறகு" என்று கையை அசைத்தார்.

அடுத்த நாள் ரூ பஜோல் தெருவில் தேநீர் குடிக்கும்போது, சமையல் வேலை செய்யும் கூட்டாளியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"பூவுக்கும் மெடலோ? நான் எத்தினை வருசமா றால் கறி வைக்கிறன், ஒருத்தனும் ஒரு கடதாசி கூடத் தரேல்லை."

"பகிடி விடாதை மச்சான். தன்ரை கையாலை செய்ததாம்."

"அப்ப பிழையைச் சொல்லப் போறியோ?"

"கேட்டால் சொல்லுவன்."

"என்னெண்டு கேட்டால்?"

"ஆர் செய்தது எண்டு கேட்டால்."

அடுத்த மே மாதம் பத்ரோன் அதே கலப்பைத் திரும்பச் செய்யச் சொன்னார். அதே பெற்றோருக்கு இன்னும் நல்ல பிள்ளைகள் பிறக்கும், இன்னொரு பதக்கமும் வரும் என்பது அவர் ஆசை. நீலத்தின் மகரந்தத்தைச் செம்பழுப்பில் தடவ வேண்டும் என்றார். செம்பழுப்பு மகரந்தம் தரும், ஆனால் காய் பிடிக்காது. நான் முன்பொருமுறை முயன்று பார்த்திருக்கிறேன். அவர் பார்த்ததில்லை.

சொன்னதைச் சொன்னபடி செய்தேன். ஒரு பூ விடாமல் தடவினேன், அட்டை கட்டினேன், இம்முறை சரியான ஒழுங்கில். ஒரு வாரத்துக்குள் எல்லாம் வாடி விழுந்தன. அதைப் பார்க்க எனக்கு இனித்தது.

அந்த இரண்டும் எவரும் வாங்கக்கூடிய பழைய வகைகள். நானும் வாங்கி, புறநகரான திரான்சியில் சித்தி வீட்டுக்குப் பின்னால் நட்டிருந்தேன். அங்கே நீலம்தான் தாய். காய்கள் திரண்டு வந்தன.

"உது கறிக்கு ஆகுமோ?" என்று சித்தி கேட்டார்.

"ஆகாது சித்தி. வேறை ஒண்டுக்கு ஆகும்."

மூன்றாவது வசந்தமும் வெறுமையாகப் போனபின், பத்ரோன் பாத்தியருகே குந்தியிருந்து உதிர்ந்த பூக்களைக் கிளறினார். "ஏன் பிடிக்கவில்லை? உனக்கு ஏதாவது தெரியுமா?"

"முதல் கலப்பை நீங்கள்தானே உங்கள் கையால் செய்தீர்கள், முசியே. உங்களுக்குத்தான் தெரியும்."

நிமிர்ந்து பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அன்று யார் செய்தது என்று அப்போதாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

திரான்சியில் அதே மாதம், அந்தக் காய்களின் விதையில் முளைத்த என் செடிகள் பூத்தன. அந்தப் பூக்களில் ஒன்று அவருடைய பதக்கப் பூவைவிட ஆழ்ந்த நிறம். போன கிழமை போட்டிப் படிவத்தை நிரப்பினேன். தாய் நீலம், தகப்பன் செம்பழுப்பு, கலப்பு செய்தவர் நான். என்றாவது அந்தப் பலகையை அவர் வாசிக்க வேண்டும். அப்போது நான் விலகி நிற்கப் போவதில்லை.