பச்சைப் பாவாடையும் என் மீசையும்

மலையகத்துத் தேயிலைத் தோட்டக் கொழுந்து நடனத்தை வேறு ஊர்ப் பள்ளிக்கூடங்கள் ஆடலாமா, எங்கள் உடுப்பை அவர்கள் வேஷமாகப் போடலாமா என்று கொஞ்ச நாளாக முகநூலில் ஒரே அடிபிடி. நானும் நீளமாக ஒரு விளக்கம் எழுதி, அனுப்பாமல் அழித்துவிட்டேன். எழுத உட்கார்ந்தாலே எனக்கு மீசை வைத்த நாள்தான் ஞாபகம் வருகிறது.

அப்போது மன்னார்த் தீவில் ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் குடும்பம் எப்போதோ மலையிலிருந்து வந்து இந்தப் பக்கம் குடியேறியது. அம்மா பிறகு கலியாணம் கட்டி வந்தவர்; அதுவரை அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர். என் வகுப்பில் இருந்தவர்கள் பெரும்பாலும் கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள். சண்டை வந்தால் என்னைத் தோட்டக்காட்டான் பிள்ளை என்பார்கள். சண்டை தீர்ந்தால் பனங்கிழங்கில் பாதி தருவார்கள். எனக்கு இரண்டும் பழகிப்போயிருந்தது.

அந்த வருஷக் கலைவிழாவுக்குக் கொழுந்து நடனம் போடுவது என்று நடன ரீச்சர் முடிவு செய்தார். தேயிலையைக் கோப்பையில் மட்டுமே கண்ட ஊர் அது. செடிகளுக்குப் பதிலாக, மணல் நிரப்பிய தகரங்களில் பூவரசங் கொப்புகளை நட்டோம். ஒத்திகை இடைவேளையில் கழுதைகள் வந்து எங்கள் தேயிலைத் தோட்டத்தை நிதானமாக மேய்ந்துவிட்டுப் போகும். கொழுந்து பறிக்கிற பெண்களுக்குச் சரிகைக் கரை வைத்த பச்சைப் பாவாடை, சிவப்புத் தாவணி, கொலுசு, முதுகில் கூடை. வகுப்புப் பெண் பிள்ளைகளில் நான்தான் உயரம் என்பதால் எனக்குக் கங்காணி வேஷம். வேட்டியும் கோட்டும் போட்டு, தடியை ஓங்கி, பெண்களை அதட்டி வேலை வாங்க வேண்டும். எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. பாவாடைக்காரிகள் ஒரு கூட்டம் இருந்தார்கள், மீசை எனக்கு மட்டும்தான்.

விழாவுக்கு முதல் நாள் அம்மாவின் தம்பி, என் மாமா, தோட்டத்திலிருந்து வந்திருந்தார். நான் சும்மா இருக்காமல் முழு நடனத்தையும் அவருக்கு ஆடிக் காட்டினேன். மாமா லேசில் கோபப்படாதவர். அதனாலேயே அவர் முகம் மாறியபோது பயமாக இருந்தது. இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, மேலே ஆம்பிளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, அட்டைக்கடியோடு மழையில் நிற்கிறவர்களுக்குச் சரிகைப் பாவாடையா என்று கேட்டார். பிறகு அம்மாவிடம் திரும்பினார்.

"வருஷம் பூரா தோட்டக்காட்டான்னு கூப்புடுவாங்க. மேடைக்கு மட்டும் நம்ம கூடை வேணுமாக்கா? புள்ளைய அனுப்பாத."

அப்பா மெல்ல வெளியே போய்விட்டார். நான் அழுது ஊரைக் கூட்டினேன். மறுநாள் மாமா கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, அம்மா வேட்டியையும் கோட்டையும் பையில் போட்டு என்னை பஸ் ஏற்றிக்கொண்டு போனார்.

ரீச்சர் கண்மையால் மீசை வரைந்துவிட்டார். நான் போட்ட அதட்டலில் முன்வரிசையில் இருந்த பங்குச் சுவாமியே சிரித்தார். நடனத்தின் நடுவில், சனத்துக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்ற மாமாவைக் கண்டேன். மேடையில் ஏறி இழுத்துக்கொண்டு போய்விடுவாரோ என்று பயந்தேன். அந்தப் பயத்தில் இன்னும் பலமாக அதட்டினேன்.

முடிந்ததும் மாமா நேரே மேடைக்குப் பின்னால் வந்தார். ரீச்சரிடம் நாலு வார்த்தை கேட்கத்தான் வந்தார். ஆனால் அம்மா அவருக்கு முந்திவிட்டார். என் சிநேகிதியின் பாவாடைக் கரையைத் தடவிப் பார்த்தபடி, ஒரு தடவை தான் இதை உடுத்திப் பார்க்கலாமா என்று ரீச்சரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். ரீச்சர் ஒரு கணம் விழித்தார்.

"அதுக்கென்னக்கா, உடுத்துங்கோ."

அம்மா சின்ன உடம்புக்காரி. வகுப்பறைக்குள் போய் உடுத்திக்கொண்டு வந்தபோது அவர் அவ்வளவு அழகாக இருந்தார். மாமா அவரை மேலும் கீழும் பார்த்து, நாம என்ன இப்படியா இருந்தோம், உனக்கென்ன பைத்தியமா என்று கேட்டார்.

"இப்புடி இல்லதான்," என்றார் அம்மா, தாவணியைச் சரிசெய்துகொண்டே. "சாக்கக் கட்டிக்கிட்டு நின்ன என்னைய எத்தன வெள்ளக்காரன் பஸ்ஸ நிப்பாட்டிப் படம் புடிச்சான். ஒரு படத்தையாச்சும் எனக்குக் காட்டுனானா? இத நீ எடு தம்பி. இது என்கிட்ட இருக்கட்டும்."

ரீச்சர் பக்கம் திரும்பாமலே மாமா சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். அம்மா கூடையை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். நான் ஓடிப்போய் அவர் பக்கத்தில் தடியை ஓங்கிக்கொண்டு நின்றேன்.

"நீ தள்ளி நில்லு, பாப்பா," என்றார் அம்மா.

அதுவரை எந்தப் படத்திலிருந்தும் அம்மா என்னைத் தள்ளியதில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா மாமாவின் போனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் பொறுக்கமாட்டாமல், என் மீசை நன்றாக இல்லையா என்று மாமாவிடம் கேட்டேன்.

"நல்லாத்தான் இருந்துச்சு, அசல் கங்காணி மாதிரியே," என்றார் மாமா. "அதான்."

நன்றாக இருந்தால் எதற்குத் தள்ளி நிற்கச் சொல்ல வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. மாமா மனம் நோகாமல் இருக்கப் பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்த தடவை கங்காணி வேஷம் கிடைத்தால் ரீச்சரிடம் சொல்லி இன்னும் பெரிய மீசையாக வைத்துக்கொள்ள வேண்டும், அப்போதுதான் அம்மா என்னைப் பக்கத்தில் நிற்க விடுவார் என்று முடிவு செய்துகொண்டேன்.