மகள் என்னையும் கூப்பிட்டாள்

திண்டுக்கல்லில் வசதியான இடத்தில் வாழ்க்கைப்பட்ட என் மகள், கணவனை விட்டுப் பிரிந்து, நிலக்கோட்டையில் தனியாக அறை எடுத்துத் தங்கி, மல்லிகைப்பூ பறிக்கும் வேலைக்குப் போனாள். சமாதானம் பேசி அழைத்துவர என் கணவர் என்னை அனுப்பினார்.

தகரக் கூரை அறை அனலாய்க் கொதித்தது. மகள் வெயிலில் கறுத்துப்போயிருந்தாள்.

"அங்க என்னடி குறை? ஏசி, காரு, அம்புட்டும் இருக்கே" என்று அழுதேன்.

"வாசல்ல நிக்கக்கூட அவர்ட்ட கேக்கணும்மா. இங்க கஷ்டந்தான். ஆனா யாரையும் கேக்க வேணாம்." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீயும் இங்கயே இருந்துரும்மா. அப்பாட்ட நீ பட்டது போதும்."

இத்தனை வருடத்தில் யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. இருந்துவிடத்தான் மனம் துடித்தது. ஆனால், "அப்பா சாப்பாட்டுக்குத் தேடுவாருடி" என்றுதான் சொல்ல வந்தது.

அவள் என்னை பஸ் ஏற்றிவிட்டாள். ஊர் வரும்வரை அழுதேன். அவளுக்காகத்தான் அழுகிறேன் என்று வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.